தீர்ப்புக் கூறும் பார்வையாளர்: 'சுழல்' தொடரின் இரண்டாம் பகுதியும் நம் சபையாரும்

திருச்சபையின் ஏடுகள் திரைப்படங்களையும் தொடர்களையும் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளையே பின்பற்றி வந்துள்ளன. ஒன்று, அவை ஒழுக்கக் கேட்டை வளர்ப்பன என்று ஒதுக்கிவிடுதல். மற்றொன்று, கதையின் ஏதேனும் ஒரு மூலையில் சிலுவையின் நிழலைக் கண்டுபிடித்து, அதனை அருளுரைக்கு எடுத்துக்காட்டாக ஆக்கிக்கொள்ளுதல். இவ்விரு வழிகளிலும் கணக்கில் வராமற் போகிறவர் ஒருவர் இருக்கிறார். கதையைப் பார்த்துக்கொண்டிருப்பவரே அவர். கதை என்ன சொல்லிற்று என்பது ஒரு கேள்வி. அதைக் கண்டவர் என்ன சொன்னார் என்பது வேறொரு கேள்வி. ஆயர் பணிக்கு முன்னதைக் காட்டிலும் பின்னதே நெருக்கமானது என்பது நம் எண்ணம். ஆகவே இங்கு ஒரு தொடரை மதிப்பிடுவதோடு, அதனைக் கண்ட நம் மக்களின் பேச்சையும் மதிப்பிட முயல்கிறோம்.

நாம் எடுத்துக்கொள்வது 'சுழல்' என்னும் தமிழ்க் குற்றத் தொடர். புஷ்கர், காயத்ரி இருவரும் படைத்த இத்தொடரின் முதற்பகுதி 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோ வழியாக வெளிவந்து பெரிதும் பாராட்டப்பட்டது. இரண்டாம் பகுதி 2025 பிப்ரவரி 28 அன்று வெளிவந்தது. அதற்கடுத்த புதன்கிழமை லெந்து காலம் தொடங்கிற்று. அந்த நாற்பது நாட்களில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் நாம் கலந்துகொண்ட வாலிபர் கூட்டங்களிலும், வீட்டு ஜெபக் கூட்டங்களிலும், ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசிய வேளைகளிலும் இத்தொடர் பேச்சில் வராத வாரம் இல்லை எனலாம். தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வருகிறவர், கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், புறநகர் இரயிலில் கைப்பேசியைக் கையிலேந்தி அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவி என எல்லாரும் அதனைக் கண்டிருந்தனர். சபையார் அனைவரும் ஒரே வாரத்தில் ஒரே கதையைப் பற்றித் தாமாகவே பேசுவது அரிது. அத்தகைய வேளையில் ஆயர் செவிகொடுத்துக் கேட்பது நலம்.

1. கதையும் அதன் அமைப்பும்

முதற்பகுதி சாம்பலூர் என்னும் கற்பனையூரில் நிகழ்கிறது. மகா சிவராத்திரியை அடுத்து அங்காளம்மன் கோயில்களில் நிகழும் மயானக் கொள்ளைத் திருவிழாவே அதன் பின்னணி. விழாக் காலத்தில் ஊரின் சிமெண்டு ஆலை தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். துணை ஆய்வாளர் சக்கரையும், நிலாவின் அக்காள் நந்தினியும் உண்மையைத் தேடிச் செல்கின்றனர். ஐயம் ஒருவரை விட்டு ஒருவர்மேல் தாவிச் செல்கிறது. பார்ப்பவரும் அதனோடு சேர்ந்து ஊரெல்லாம் அலைகிறார். ஈற்றில் கதை அவரைக் கொண்டுபோய் நிறுத்துமிடம் அப்பெண் பிள்ளைகள் வளர்ந்த வீடே. தந்தையின் உடன்பிறந்தவனே இரு சிறுமியரையும் அவர்களுடைய குழந்தைப் பருவத்தில் சீரழித்தவன். நந்தினி அவனைக் கொன்றுவிடுகிறாள்.

இரண்டாம் பகுதி தொடங்கும்போது நந்தினி சிறையில் இருக்கிறாள். களம் இப்போது கடற்கரையிலுள்ள காளிப்பட்டினம். விழா அஷ்டகாளித் திருவிழா. சக்கரைக்குத் தந்தை போன்றவரான செல்லப்பா என்னும் மூத்த வழக்கறிஞர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். எட்டு இளம்பெண்கள், ஒருவரோடொருவர் தொடர்பற்றவர்களைப் போல, தனித்தனியே அக்கொலையைத் தாமே செய்ததாக ஒப்புக்கொள்கின்றனர். அவர்களும் நந்தினி இருக்கும் சிறைக்கே வந்து சேர்கின்றனர். இதற்குமேல் கதையின் முடிச்சை இங்கு அவிழ்ப்பது நம் நோக்கத்திற்குத் தேவையில்லை.

கலை நோக்கில் ஒப்பிட்டால், முதற்பகுதியே கட்டுக்கோப்பானது என்பதை நாமும் ஏற்கிறோம். அதன் வலிமை அதன் திசையில் இருந்தது. வெளியிலிருந்து உள்ளே, ஊரிலிருந்து வீட்டுக்கு, அந்நியனிலிருந்து உறவினனுக்கு என வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் பகுதியில் வட்டம் விரிகிறது. எட்டுப் பெண்கள், எட்டு வரலாறுகள், ஒரு கொலை, ஒரு திருவிழா ஆகிய இத்தனையையும் எட்டு அத்தியாயங்கள் தாங்கவேண்டியுள்ளது. ஆகையால் எண்மருள் சிலர் மனிதராக நம் முன் நிற்பதற்குள் தடயமாக மாறிவிடுகின்றனர். கொன்றவர் யார் என்னும் கேள்வி, இப்பெண்கள் யார் என்னும் கேள்வியைப் பலவிடங்களில் அமுக்கிவிடுகிறது.

எனினும், முதற்பகுதி செய்யாத ஒன்றை இரண்டாம் பகுதி செய்துள்ளது. பழிவாங்கும் கதைகள் பெரும்பாலும் பழிவாங்கியதோடு முடிந்துவிடும். இக்கதை அதற்குப் பின் தொடங்குகிறது. கைகள் செய்து முடித்ததை மனம் சுமந்துகொண்டிருக்கும் நாட்களை, சிறையின் நீண்ட பகலை, நீதிமன்றத்தில் காத்திருப்பதை அது நமக்குக் காட்டுகிறது. முதற்பகுதியின் இறுதியில் கைதட்டிய பார்வையாளரை நோக்கி, அதன் பின் என்ன நடந்தது என்று பார்க்க உங்களுக்கு மனமிருக்கிறதா என அது கேட்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. இக்கேள்விக்கு நம் மக்கள் தந்த விடைகளைக் காண்போம்.

2. நாம் கேட்ட மூவகைப் பேச்சுகள்

முதல் வகை, புதிரை விடுவிப்போரின் பேச்சு. இது வாலிபரிடையே மிகுதி. முதற்பகுதி அளவுக்கு இல்லை. மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். இந்தத் தடயம் பொருந்தவில்லை. அந்தப் பாத்திரம் தேவையே இல்லை. இவ்வாறான கருத்துகளுள் பல கூர்மையானவை. நாமே மேலே சொன்ன குறையைத்தான் அவர்கள் தம் மொழியில் சொன்னார்கள். ஆனால் ஒரு மணி நேரம் நடந்த அவ்வுரையாடலில், கதையில் வரும் சிறுமியருக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. கொடுமை, புதிரின் தொடக்கப் புள்ளியாக மட்டுமே அவர்கள் நினைவில் நின்றது.

இரண்டாம் வகை, தண்டிப்போரின் பேச்சு. இதனைச் சபையின் மூத்தவரிடம் மிகுதியாகக் கேட்டோம். நந்தினியைச் சிறையில் வைத்ததே தவறு, அவளுக்குப் பதக்கம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். அருகில் நின்றோர் சிரித்து ஆமோதித்தனர். இப்படிப்பட்டவனை நீதிமன்றம் வரை கொண்டுபோவது ஏன் என்றார் மற்றொருவர். இச்சொற்களில் உண்மையான சினம் இருந்தது. தீமையைக் கண்டு சினம் கொள்வது பாவமன்று என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சினம் எவ்வளவு எளிதாக வந்ததோ அவ்வளவு எளிதாகவே அடங்கிற்று. ஐந்து நிமிடங்களில் பேச்சு பங்குனி வெயிலுக்கும் குடிநீர் லாரிக்கும் திரும்பிவிட்டது.

மூன்றாம் வகையை வகை என்று சொல்லலாமா என அறியோம், ஏனெனில் அது ஒரே ஒரு கேள்வி. பெண்கள் கூட்டமொன்றில் அது எழுந்தது. மேற்சொன்ன மூன்று ஊர்களுள் எவ்விடம் என்பதை வேண்டுமென்றே குறிப்பிடாமல் விடுகிறோம். எல்லாரும் செல்லப்பாவைக் கொன்றவர் யார் என்று பேசிக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் மெல்லக் கேட்டார்: "ஐயா, அந்தப் பிள்ளை சின்ன வயசிலேயே வீட்டுல சொல்லியிருந்தா, நம்பியிருப்பாங்களா?"

எவரும் விடை கூறவில்லை. மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. நாமோ, நேரமாகிவிட்டது என்று சொல்லி, ஜெபத்துடன் கூட்டத்தை முடித்துவைத்தோம். ஜெபம் தவறன்று, ஆனால் அன்று நாம் அதனை ஒரு கதவைச் சாத்துவதற்குப் பயன்படுத்தினோம். இக்கட்டுரை எழுதப்பட்டதற்கு அக்கதவே காரணம்.

3. பிற நாட்டுப் பார்வையாளர்

புகழ்பெற்ற குற்றத் தொடர்களின் முடிவு பார்வையாளரின் உள்ளத்தை வெளிக்கொணர்வது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. அமெரிக்காவில் 'தி சொப்ரானோஸ்' என்னும் தொடரின் கடைசி அத்தியாயம் 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பாயிற்று. குற்றக் கும்பலின் தலைவன் தன் குடும்பத்தோடு உணவகத்தில் அமர்ந்திருக்கையில், திரை சட்டென்று இருண்டு கதை முடிந்துவிட்டது. தம் வீட்டு இணைப்பே அறுந்துவிட்டதென்று பலர் எண்ணினர். உண்மை தெரிந்தபின் சினந்தனர். ஆறு பருவங்கள் அவனோடு மனமொத்து வாழ்ந்தவர்கள், ஈற்றில் அவன் தண்டிக்கப்பட்டதையோ தப்பியதையோ தம் கண்ணால் காணவேண்டும் என்றனர். தீர்ப்பைக் காணாமல் எழுந்து செல்ல அவர்களால் இயலவில்லை.

'பிரேக்கிங் பேட்' தொடரின் இறுதிப் பருவத்தில் வேறொன்று நிகழ்ந்தது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் உற்பத்தியாளராகிப் பல உயிர்களைப் பறிக்கும் கதை அது. ஆனால் பார்வையாளர் பலரின் வெறுப்பு அவர்மேல் பாயாமல், அவரைத் தடுக்க முயன்ற மனைவிமேல் பாய்ந்தது. அப்பாத்திரத்தில் நடித்த ஆனா கன், 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதி, பாத்திரத்தின்மேல் எழுந்த வெறுப்பு தம்மீதே திரும்பியதை எடுத்துரைத்தார். 2013 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில், எல்லாம் குடும்பத்துக்காகவே என்று நெடுகச் சொல்லிவந்த கணவன், தனக்காகவே செய்ததாக மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். அவனே கைவிட்ட பொய்யை அவனுக்காகப் பார்வையாளர் அதுவரை காத்து வந்திருந்தனர்.

இவ்விரு நிகழ்வுகளும் நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. குற்றக் கதையைப் பார்ப்பவர் கதைக்கு வெளியே இருப்பதில்லை. யாரை மன்னிக்கிறோம், யாரை வெறுக்கிறோம், எதைக் காண விரும்புகிறோம், எதைக் காணாமலிருக்க விரும்புகிறோம் என்பவற்றால் நாம் நம்மையே வெளிப்படுத்திக் கொள்கிறோம்.

4. தாவீது என்னும் பார்வையாளன்

திருமறையில் இத்தகைய பார்வையாளன் ஒருவனை நாம் நன்கு அறிவோம். 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் நாத்தான் தாவீதிடம் வந்து ஒரு குற்றக் கதையைச் சொல்கிறான். செல்வனொருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதை அது. தாவீது கொதித்தெழுந்து மரண தண்டனையும் நான்கத்தனை ஈடும் விதிக்கிறான். அவனுடைய சினம் போலியானதன்று. கதையில் வரும் அநீதியை அவன் உடனே கண்டுகொள்கிறான். தீர்ப்பும் விரைந்து வருகிறது. கதைக்கும் தனக்கும் உள்ள தொடர்பு மட்டும் நாத்தான் சொல்லும்வரை அவனுக்குத் தெரியவில்லை. நம் சபை மூத்தவரின் சினத்தைக் கேட்டபோது இப்பகுதியே நம் நினைவுக்கு வந்தது.

இப்பகுதியை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் அடுத்த அதிகாரத்தை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்? தாவீதின் வீட்டுக்குள்ளேயே அவனுடைய மகள் தாமார், அவனுடைய மகன் அம்னோனால் கெடுக்கப்படுகிறாள். நோயுற்றதாக நடித்தவனுடைய வீட்டுக்கு அவளைச் சமைக்க அனுப்பியதே தாவீதுதான். அவள் எதிர்த்து வாதாடியதையும், பின்னர்ச் சாம்பலைத் தலையில் இட்டு, ஆடையைக் கிழித்து, உரக்க அழுதுகொண்டு சென்றதையும் ஆசிரியர் மறைக்காமல் எழுதியுள்ளார். அண்ணன் அப்சலோம் அவளிடம் சொன்னதோ பேசாமலிரு என்பதே. செய்தி கேட்ட தாவீதுக்கு மிகுந்த கோபம் வந்தது என எபிரேய மூலம் கூறி நிறுத்திக்கொள்கிறது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்போ, அம்னோன் தலைமகன் ஆகையால் தந்தை அவன் மனத்தை நோகச்செய்யவில்லை என்னும் விளக்கத்தையும் சேர்த்துள்ளது. அந்நியன் ஒருவனின் ஆட்டுக்குட்டிக்காக மரண தண்டனை விதித்தவன், தன் வீட்டு மகளுக்காக வாய் திறக்கவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, ஆட்டு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான். நம் பார்வையாளர் இங்கே கைதட்டக்கூடும். ஆனால் கதையைக் கவனித்துப் பார்த்தால், அக்கொலைக்குப் பின் தாமார் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் அண்ணன் வீட்டில் பாழடைந்தவளாய் இருந்தாள் என்பதே அவளைப் பற்றிய கடைசிச் செய்தி. அதன்பின் கதை முழுவதும் அப்சலோமின் கதையாகிவிடுகிறது. பழி தீர்ந்தது, பாதிக்கப்பட்டவள் மறக்கப்பட்டாள். அப்சலோம் தன் மகளுக்குத் தாமார் என்றே பெயரிட்டதாக 14ஆம் அதிகாரம் கூறுவது மட்டுமே ஓர் ஆறுதல். விவிலிய அறிஞர் ஃபிலிஸ் ட்ரிபிள் 1984இல் வெளியிட்ட தம் நூலில் ஆகார், தாமார், லேவியனின் மறுமனையாட்டி, யெப்தாவின் மகள் ஆகியோரின் பகுதிகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். அவற்றை வாசிப்பது கடினம் என்பதற்காகவே நாம் வாசிக்காமல் விட்டுவிடுகிறோம்.

'சுழல்' இரண்டாம் பகுதியின் இறையியல் மதிப்பு இங்கேதான் உள்ளது. பழி தீர்ந்தபின்னும் அது நந்தினியைவிட்டு அகலவில்லை. அவளுடைய கதை கொன்றவளின் கதையாகிவிட்டது என்பதையும், அவளுக்கு முதலில் நேர்ந்ததைச் சொல்வதற்கு அவள் ஒரு வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவளாக நிற்க வேண்டியிருக்கிறது என்பதையும் அது நமக்கு உணர்த்துகிறது. பழிவாங்குதல் கடவுளுக்குரியது என்னும் ரோமர் 12ஆம் அதிகாரத்தின் போதனையை நாம் வழக்கமாகப் பாதிக்கப்பட்டவரை அடக்குவதற்கே எடுத்துச் சொல்கிறோம். பவுலின் சொல் அவரிடமிருந்து நீதியைப் பறிப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. தாங்கவியலாத ஒரு சுமையை அவர் தோளிலிருந்து இறக்குவதற்காகச் சொல்லப்பட்டது. இறக்கிய சுமையைச் சமூகமும் சபையும் ஏற்றுக்கொள்ளாவிட்டால், அது மீண்டும் அவர் தோளுக்கே திரும்பிவிடும். நந்தினியின் கைக்கு ஆயுதம் வந்தது அதன்முன் எல்லாரும் கைவிட்டதனால்தான்.

5. தீயும் வழக்கும்

நம் மக்கள் இக்கதையை வெறுங்கையோடு பார்க்கவில்லை. தமிழ்ப் பார்வையாளரின் உள்ளத்தில் கண்ணகி எப்போதும் இருக்கிறாள். நந்தினியைப் பற்றிப் பேசியவர்களுள் இருவர் கண்ணகியின் பெயரையே சொன்னார்கள். ஆனால் அவர்கள் நினைவுகூர்ந்தது மதுரையை எரித்த தீயை மட்டுமே. சிலப்பதிகாரத்தில் தீக்கு முன்னர் வழக்குரை காதை உள்ளது. கண்ணகி அரசவைக்குச் செல்கிறாள். தன் ஊரும் பேரும் கூறுகிறாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள். தவறிழைத்த அரசன் அதனை உணர்ந்து உயிர் விடுகிறான். கேட்கப்படுதல், சான்று ஏற்கப்படுதல், தவறு ஒப்புக்கொள்ளப்படுதல் ஆகிய மூன்றும் தீக்கு முன்பே நிகழ்ந்துவிட்டன. தாமாருக்கு இம்மூன்றில் ஒன்றும் கிட்டவில்லை. நந்தினிக்கும் காலத்தில் கிட்டவில்லை.

இத்தொடர் இரு பகுதிகளிலும் அம்மன் விழாக்களைப் பின்னணியாகக் கொண்டிருப்பது குறித்து நம் மாணவர் சிலர் தயக்கம் தெரிவித்தனர். அத்தயக்கத்தை நாம் பகிர்ந்துகொள்ளவில்லை. திருவிழாவின் வண்ணத்தையும் பறை முழக்கத்தையும் தொடர் சில வேளைகளில் வெறும் அலங்காரமாகப் பயன்படுத்துகிறது என்பது உண்மை. எனினும் அவ்விழாக்களில் பெண்ணின் சினத்துக்கு ஓர் உருவமும் ஒரு மேடையும் ஒரு நாளும் உள்ளன. நம் ஆராதனையில் அதற்கு என்ன இடம் உள்ளது? 109ஆம் சங்கீதத்தையும் 137ஆம் சங்கீதத்தின் இறுதியையும் பொதுவாசிப்பில் நாம் தவிர்த்துவிடுகிறோம். புலம்பலும் முறையீடும் கடவுளுக்கு முன்பாகவே சொல்லப்படலாம் என்று திருமறை துணிந்து கூறியிருக்க, நாம் சபையாருக்கு நன்றிப் பாடல்களை மட்டுமே கொடுத்திருக்கிறோம். பின்வரிசைப் பெண்மணி தம் கேள்வியைக் கேட்க ஒரு குற்றத் தொடர் வெளிவரும்வரை காத்திருக்க நேர்ந்தது தொடரின் சிறப்பு, நம்முடைய குறை.

6. நம் வட்டாரத்தில் நடந்த ஒன்று

விரைந்த தண்டனையை வேண்டுவோருக்கு நம் வட்டாரத்திலேயே நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 2017 பிப்ரவரியில் போரூருக்கு அண்மையில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். ஊரே கொந்தளித்தது. ஓராண்டில், 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை விதித்தது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தற்காப்புக்குரிய நியாயமான வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை என்றும், சான்றுகளின் தொடர்ச்சி ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்றும் நீதிமன்றம் கண்டது.

இச்செய்தியைக் கேட்டு, பார்த்தீர்களா, நீதிமன்றத்தை நம்பினால் இப்படித்தான் என்று சிலர் கூறினர். நாம் அதற்கு நேர்மாறான பாடத்தையே கற்கிறோம். வழக்கை முறையாக நடத்தாமல் தீர்ப்புக்கு விரைந்ததால், எட்டாண்டுகளுக்குப் பின் அச்சிறுமிக்கு நேர்ந்ததற்குப் பொறுப்பானவர் யார் என்பதே நிறுவப்படாமற் போயிற்று. அவசரச் சினம் பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாம் அநீதி இது. கதையில் எட்டு அத்தியாயங்களில் உண்மை தெரிந்துவிடும். வாழ்க்கையில் அது பொறுமையுள்ள பல கைகளின் நேர்மையான உழைப்பால் மட்டுமே நிறுவப்படும்.

மேலும், சினம் பெரும்பாலும் அந்நியனையே தேடுகிறது. மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகக் கூறினர். கொடுமை செய்தோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். முதற்பகுதியின் கதை மிகைப்படுத்தப்பட்டதென்று நம்மிடம் சொன்னவர்களுக்கு இவ்வெண்களே விடை. நம் சபைப் பட்டியலில் உள்ள குடும்பங்களும் இக்கணக்குக்கு வெளியே இல்லை.

7. ஆயருக்கும் மாணவருக்கும்

இதுவரை கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கென மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கேட்கப்பட்ட கேள்வியை ஜெபத்தால் மூடாதிருப்போம். கதையைப் பற்றிய பேச்சாகத் தொடங்குவது பல வேளைகளில் கதையைப் பற்றியதாகவே இராது. பேசுகிறவர் கதை என்னும் திரைக்குப் பின் நின்றுகொண்டு நம்மைச் சோதித்துப் பார்க்கிறார். நாம் அத்திரையை இழுத்து விலக்கவும் கூடாது; அதைக் காணாததுபோல் கடந்து செல்லவும் கூடாது. நம்பியிருப்பார்களா என்று கேட்டவருக்கு, நாங்கள் நம்பியிருப்போம் என்று கூறினாலே அன்று போதுமானதாயிருந்திருக்கும்.

இரண்டாவது, சட்டத்தை அறிந்திருப்போம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு எதிராக இத்தகைய குற்றம் நடந்துள்ளதென அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். ஆயருக்கு இதிலிருந்து விலக்கு இல்லை. குடும்பத்தின் மானம், சபையின் பெயர், உறவினர் சமாதானம் என்று கூறி இரு தரப்பையும் ஆயரின் வீட்டில் உட்கார வைத்துப் பேசி முடிக்கும் பழைய வழக்கம் அப்சலோமின் அறிவுரையையே ஆயரின் வாயால் கூறுவதாகும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலம் அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவரால், காவல் சீருடை இன்றிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பெற்றோர் பலர் அஞ்சுவது காவல் நிலையத்தின் வாசற்படிக்கே. இவ்வேற்பாட்டை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் ஆயர் பணியே. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை ஞாயிறு பள்ளிச் சுவரில் எழுதி வைப்பதற்கு எந்தத் திருமண்டலத் தீர்மானமும் தேவையில்லை. வயது வந்தபின் தம் சிறுவயதுத் துயரைப் பகிர்ந்துகொள்பவரிடம் அவருடைய விருப்பத்தை மதித்தே நடக்க வேண்டும். எனினும் அதே மனிதரின் அருகில் இன்று வேறு குழந்தைகள் இருப்பார்களாயின், அவர்களை நினைவில் கொள்வதும் நம் கடமை.

மூன்றாவது, 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்போம். நாத்தானின் கதையைப் பிரசங்கித்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறே அதனைச் செய்வது நலம். அரண்மனையில் நின்று தீர்ப்புக் கூறியவனையும், வீட்டில் வாயடைத்து நின்றவனையும் ஒரே மனிதனாகச் சபையார் காணட்டும். அருளுரை முடிந்தபின் ஆலய வாசலில் கைகொடுக்க விரைந்து செல்லாமல், சற்று நேரம் உள்ளேயே அமர்ந்திருப்போமாக. பேச விரும்புகிறவர் கடைசியாகவே எழுந்து வருவார்.

அந்தப் பெண்மணியைச் சில வாரங்களுக்குப் பின் நாம் மறுபடியும் சந்தித்தோம். அவர் தம்மைப் பற்றிக் கேட்டாரா, வேறொருவரைப் பற்றிக் கேட்டாரா, கதையைப் பற்றி மட்டும் கேட்டாரா என்பதை நாம் வினவவில்லை. அன்று கேள்விக்கு விடை கூறாமல் கூட்டத்தை முடித்ததற்காக மட்டும் மன்னிப்புக் கேட்டோம். அவர் புன்னகைத்து, "பரவாயில்லை ஐயா, ஜெபம் நல்லதுதானே" என்றார். பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. இம்முறை நாமும் எழுந்திருக்கவில்லை.